கவசமில்லாத இரத்தம்

“புள்ளயோட அப்பன்காரரு எங்கங்க ஐயா? ஒம்பது மணிக்கு ரத்தம் குடுக்க வரச் சொன்னாங்களே?” என்று கேட்டாள் குழந்தைகள் வார்ட்டில் வேலை செய்யும் மயிலம்மா.

கனகசபாபதி மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தே கால்.

“வருவார்,” என்று சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கயாச்சும் டீ குடிக்கப் போயிருப்பாரு. அப்பிடிப் போனவுகள நம்ப ஏலாதுங்க. நம்ம வீட்டுக்காரரு மூத்தவ பொறந்தப்ப போனாரு. மறுநாளு வந்து, என்னா புள்ளன்னு கேக்குறாரு!”

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அப்பால், நீல வெளிச்சத்தின் கீழே அவருடைய பேரன் கிடந்தான். பிறந்து எட்டு நாள். உள்ளங்கால் வரை மஞ்சள். பாலுக்கும் வாய் திறக்காத அசதி.

மகள் அருந்ததி வெளியே வந்தாள். “அப்பா, இவர் உங்களோடதானே வெளிக்கிட்டவர்?”

“கோல் றோட்டில ஆமிச் செக்கிங் பிள்ளை. என்னை முதல் விட்டிட்டாங்கள்.”

நம்பக்கூடிய பதில்தான். முந்தநாள் குண்டு வெடித்ததிலிருந்து வெள்ளவத்தையில் சந்திக்குச் சந்தி சோதனை. காயப்பட்டவர்களுக்குக் கொடுத்தது போக, இரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் ஒரு பைகூட மிஞ்சவில்லை. குழந்தைக்கு அந்த வகைதான் வேண்டும்.

டொக்டர் ருக்கியா ஒரு பட்டுச் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “இது யாருட?”

“என்ர பாட்டனாருக்குப் போர்த்தினது. எங்கட குடும்பத்தில பிறக்கிற பிள்ளையை முதல் எட்டு நாளும் இதிலதான் சுத்தி வைக்கிறது.”

“பெட்டியில பூச்சி உருண்டை போட்டு வச்சிங்களா?”

“ஓம். இல்லாட்டி அரிச்சுப் போடுமே.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “ரத்தத்தில இரிக்கிற சிவப்பணு ஒட்சிசனத் தூக்கிட்டுத் திரியிது ஐயா. அதில தெறிக்கிற பொறி அணுவையே எரிச்சிப் போடாம, உள்ளுக்கு ஒரு கவசம் இரிக்கணும். உங்கட பேரனுக்கு அது இல்ல. பூச்சி உருண்டை மணம் உடம்புக்குள்ள போனா அந்தப் பொறி பல மடங்கு. அணு எல்லாம் உடையிது. அந்த மஞ்சள்தான் இது.”

“மூண்டு தலைமுறை இந்தச் சால்வையில கிடந்து எழும்பினது. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை,” என்றார் கனகசபாபதி. “அப்ப, குறை மற்றப் பக்கத்தால வந்தது.”

மற்றப் பக்கம் என்றால் மருமகன் சுந்தரலிங்கம். தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்து படித்து, அருந்ததி வேலை செய்த வங்கியிலேயே வேலைக்கு வந்து, அவளைப் பதிவுத் திருமணம் செய்தவன். வீட்டில் இருப்பவர்களைப் பொலிசில் பதிந்தபோது, அவன் பெயருக்கு நேரே ‘வாடகைக்கு இருப்பவர்’ என்றுதான் கனகசபாபதி எழுதிக் கொடுத்திருந்தார்.

“ஆம்பிளப் பிள்ளைக்கு இது தாய்ட வழியாத்தான் வரும்,” என்றார் டொக்டர்.

“எங்கட வழியில அப்பிடியொண்டும் இல்லை. அந்தாளைப் பாத்துக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. எனக்கும் ஓ நெகட்டிவ்தான். ஐம்பத்தெட்டு வயசு, ஒரு நோய் நொடி இல்லை. பேரனுக்கு என்ர ரத்தம் போதும், எடுங்கோ.” அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

“உங்களையும் அந்தக் குறைக்கு டெஸ்ட் பண்ணாம ஏலாது. நேரம் எடுக்கும்.”

“தாராளமாப் பாருங்கோ.”

அருந்ததி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னலடிக்குப் போய்க் கேற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். மயிலம்மா பகிடி விடுவதை நிறுத்தியிருந்தாள். பதினொன்றரைக்குப் பிறகு குழந்தையின் அழுகையும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு டொக்டர் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“உங்கட ரத்தத்திலயும் அந்தக் கவசம் இல்ல ஐயா. சிலருக்கு இது வெளியில தெரியாமலே இருந்திரும். உங்கள்ட்ட இருந்து மகளுக்குப் போயிரிக்கு, மகள்ட்ட இருந்து பிள்ளைக்கு. இதக் குடுத்தா அங்க போயும் உடையத்தான் செய்யும்.”

கனகசபாபதி மடித்த கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினார்.

டொக்டர் அருந்ததியின் பக்கம் திரும்பினார். “உங்கட ஹஸ்பண்ட் நேத்து தந்த சாம்பிள் நல்லாப் பொருந்திது. அதில ஒரு குறையும் இல்ல. ரெண்டு மணிக்குள்ள பிள்ளைட ரத்தத்த மாத்தணும், இல்லாட்டி மூளையப் பாதிச்சிரும். உடனே அவரக் கூட்டிட்டு வாங்க.”

அருந்ததி தகப்பனின் முன்னால் வந்து நின்றாள். “எந்தச் சந்தியில அப்பா? நான் போறன். கையில காலில விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு வாறன்.”

“அங்க இப்ப இல்லை. ட்ரக்கில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்.”

“எங்க?”

“தெரியாது.”

“நீங்கள் பக்கத்தில நிண்டும் ஏத்தினவங்களோ? எங்கட மருமகன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே!”

கனகசபாபதி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்.

“எனக்குப் பின்னால எங்கட ஊராக்கள் நிண்டவை பிள்ளை... ஆமிக்காரன் கேக்க, இவரைத் தெரியாத ஆள் எண்டிட்டன்.”