கடிக்கிறார் டாக்டர்!

“மூக்குக் கண்ணாடியோட கம்பி நுனியைக் கடிச்சே பிய்ச்சிட்டார் டாக்டர். வீட்டுல மூடி உள்ள பேனான்னு ஒண்ணுகூட மிச்சம் இல்லை” என்றாள் அவள். மடியில் சுருண்டு கிடந்த பொமரேனியன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

கால்நடை மருத்துவர் சிரித்துக்கொண்டார். அவரிடம் வருகிறவர்களில் நாயைத் ‘தம்பி’ என்பவர்கள் உண்டு, ‘ராஜா’ என்பவர்கள் உண்டு. ஒரு கணக்கு வாத்தியார் தன் நாயை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அதனால் இந்தப் பெண்மணியின் மரியாதை அவருக்குப் புதிதாகப் படவில்லை.

“குட்டியா இருந்தா பல் முளைக்கிற குறுகுறுப்புல கண்டதையும் கடிக்கும்மா, அது தானா நின்னுடும். வளர்ந்தப்புறமும் கடிச்சா மனசுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

“சின்ன வயசுலேயே உண்டாம் டாக்டர். கசப்பு மருந்து தடவிப் பார்த்தாங்களாம். அதையும் ரசிச்சுச் சப்பிட்டாராம்.”

“பலே! பகல்ல தனியாவா இருக்கார்?” மரியாதை மருத்துவரையும் தொற்றிக்கொண்டது.

“கொஞ்ச நாளா தனியாத்தான். நான் ஆபீஸ் போயிடுறேன். ஜன்னல் பக்கத்துல உக்காந்து தெருவையே பார்த்துட்டு இருப்பார். சாயங்காலம் வந்து பார்த்தா விரலெல்லாம் கடிச்சு ரத்தம்.”

“அடடா, முன்னங்காலையா?”

“ரெண்டு பக்கமும் டாக்டர்.”

“இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்களே! வேற யார்கிட்டயும் காட்டலையா?”

“எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறார். இங்கேன்னதும்தான் மறுபேச்சு இல்லாம கிளம்பினார்.” மடியிலிருந்து எகிறப் பார்த்த நாயின் முதுகில் செல்லமாகத் தட்டினாள். “டேய், சும்மா இருடா.”

மருத்துவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் அவருக்கு மூடத் தெரியாது.

“மூளைக்கு வேலை இல்லை பாருங்க, அதுதான்மா வியாதியே. காலையிலும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. கடிக்கிறப்போ வெடுக்குனு பிடுங்காதீங்க, வேற எதையாவது கொடுத்துக் கவனத்தைத் திருப்புங்க. விட்டுட்டா உடனே தட்டிக்கொடுக்கணும். ஆனா திட்ட மட்டும் கூடவே கூடாது.”

அவள் முகம் சட்டென்று வாடியது. “திட்டிட்டேன் டாக்டர். நேத்து, விருந்தாளிங்க முன்னாலேயே. போய் மூலையில உக்காந்தவர்தான், இன்னும் சரியாச் சாப்பிடலை.” புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பழையபடி ஆகிடுவார் இல்லையா டாக்டர்? எனக்கு அது போதும்.”

ஒரு நாய்க்காக இப்படி உருகுகிறாளே என்று மருத்துவரும் உருகிப்போனார். “கண்டிப்பா ஆகிடுவார். ஏதாவது ஒரு வேலையில மனசு பதிஞ்சாப் போதும். எங்கே, மேசையில ஏத்துங்க, அந்தக் கையைப் பார்ப்போம்.”

நாயை மேசையில் ஏற்றினாள். மருத்துவர் அதன் முன்னங்காலைத் தூக்கி, விளக்கடியில் விரல் விரலாக விரித்துப் பார்த்தார். மற்ற காலையும் பார்த்தார். புண் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. நகம் மட்டும் கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது.

“என்னம்மா இது, பளிச்சுன்னு இருக்கே?”

“இவனுக்கு நகம் வெட்டிவிட்டாப் போதும் டாக்டர்” என்றபடி அவள் அறைக் கதவைத் திறந்து, வெளி பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, உள்ளே வாங்க. டாக்டர் கையைப் பார்க்கணுமாம்!”