அப்பாவின் படம் கேட்டார்கள்

காலையில் பால் வாங்கப் போன அப்பா அந்தி சாய்ந்தும் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் படம் கேட்டார்கள். தையல்காரியான மகள் வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கியதில், பரண் பெட்டியிலிருந்து மூன்று பழுப்பேறிய படங்கள் விழுந்தன. பட்டாளத்தைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விடாத அப்பா, போர்க்களத்தில் துப்பாக்கியோடு!

“உங்கப்பாவா இது? பலூன் வெடிச்சாலே கட்டிலுக்கடியில பூந்து, கட்டிலே ஆடுற மாதிரி நடுங்குவாரே!” என்றான் கணவன்.

அவள் முதல் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மீசை அரும்பும் வயது. அப்பாவுக்கு மட்டும் நரைத்த தலை. மூக்கில், நேற்று அவள் உடைந்த காம்பில் நூல் சுற்றிக் கொடுத்த அதே கண்ணாடி.

“போதும்பா, வீட்டுக்கு வந்துடுங்கப்பா!” என்று கதறியபடி அடுத்த படத்தை எடுத்தாள். அதில் பாதிப் பேர் இல்லை. கடைசிப் படத்தில், பதுங்குகுழிக்குள் அப்பா மட்டும் இருந்தார். வராதே என்று அவளை நோக்கிக் கையை உயர்த்தியிருந்தார். அந்தக் கை மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது, இன்னும் அசைவதுபோல.