விறகுவெட்டிக்கு யார் சொன்னது?

காகமும் முயலும் அணிலும் கதை விளையாட்டு விளையாடின. கதை சொல்வது அணில். காகம் விறகுவெட்டி, முயல் புலி.

புதருக்குள்ளிருந்து முயல் உறுமிக்கொண்டு பாய்ந்தது. காகம் அசையவில்லை.

“நம்ம முயல்தானே. புல் தின்கிற ஆளுக்கு எதற்குப் பயப்படணும்?” என்றது.

முயலின் காதுகள் தொங்கிப்போயின. பாவம், காலையிலிருந்து குளத்தங்கரையில் உறுமிப் பழகியிருந்தது.

“முயல் என்று உனக்குத் தெரியும். விறகுவெட்டிக்கு யார் சொன்னது?” என்று கேட்டது அணில்.

காகம் முயலைத் திரும்பிப் பார்த்தது. தொங்கிய காதுகளைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

“சரி, இன்னொரு தடவை பாய்” என்றது.

முயல் பாய்ந்தது. “ஐயோ, புலி!” என்று அலறிக்கொண்டு காகம் உச்சிக்கிளைக்குப் பறந்தது. கூப்பிட்டும் இறங்கவில்லை.

அன்று முயல் வளைக்குத் துள்ளிக்கொண்டு போகவில்லை. நிமிர்ந்து, மெதுவாக நடந்து போனது.