விளாவிய வெந்நீர்

குடத்துத் தண்ணீரில் ஓர் அமீபா தன் ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தது. பக்கத்து அடுப்பில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது.

"உன் கதை முடிஞ்சுது," என்றது வெந்நீர். "வீட்டுக்காரர் திருமேனி வயிற்றுக்கடுப்புல படுத்து இப்பதான் எழுந்திருக்கார். இனிமே காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். என்கிட்ட வந்தா நீ வெந்தே போவே."

அமீபா ஓட்டுக்குள் இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொண்டது.

திருமேனி வந்தார். வெந்நீரை டம்ளரில் ஊற்றி வாயில் வைத்தார். "யப்பா, என்ன சூடு!" உடனே குடத்திலிருந்து கொஞ்சம் மொண்டு ஊற்றி விளாவினார். அமீபாவும் அதோடு டம்ளருக்குள் விழுந்தது. தண்ணீர் இதமாக இருந்தது.

அவர் மடமடவென்று குடித்தார். தொண்டையில் இறங்கும்போது, கும்பிடக் கையில்லாத அமீபா மனமுருகிச் சொன்னது:

"மகராசன்! டாக்டர் எவ்வளவு சொல்லியும் எங்களைக் கைவிட மாட்டேங்கிறாரே!"