காது சொன்ன உறவு

ஆய்வுக்கூடத்து மேசைக்கு ஒரு சின்ன மண்டையோடும் நாலைந்து கால் எலும்புகளும் வந்து சேர்ந்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இனத்தோடு அழிந்துபோன, பூனை அளவுப் பிராணியின் மிச்சம் அது.

பக்கத்திலிருந்த மான் மண்டையோடு அதை ஏற இறங்கப் பார்த்தது. "காலெல்லாம் எங்கள் சாயல்தான். ஆனால் கொம்பைக் காணோமே, எங்களோடு எப்படிச் சேர்ப்பது?" என்றது.

யாருக்கும் சொந்தமில்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானோ என்று சின்னதுக்குக் கவலையாகிவிட்டது.

ஆய்வாளர் பூங்கோதை கொம்பைத் தேடவில்லை. காதெலும்பை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும் நன்றாகத் தடித்திருந்தது.

"இப்படிச் சுவர் தடிப்பது திமிங்கிலக் கூட்டத்துக் காதில்தான்," என்றார்.

மானுக்குச் சிரிப்பு வந்தது. "திமிங்கிலத்தின் ஒரு பல் அளவுகூட நீ இருக்கமாட்டாயே."

கூரையில் தொங்கிய திமிங்கில எலும்புக்கூடு சிரிக்கவில்லை. "என் காதும் அப்படித்தான். நீ தண்ணீரில் இறங்கியதுண்டா?" என்று சின்னதைக் கேட்டது.

"பருந்து துரத்தினால் ஓடைக்குள் மூழ்கி ஒளிந்துகொள்வேன். பயமாகத்தான் இருக்கும்."

இத்தனை காலம் கழித்து, ஒரு காதைப் பார்த்தே வீட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட்ட பூங்கோதையைத் திமிங்கிலம் வியந்து பார்த்தது.

பிறகு, "மானே, எங்கள் பெரியம்மாவிடம் மரியாதையாகப் பேசு," என்றது. "பயத்தோடு இவர்கள் ஓடையில் இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் கடலுக்குப் போனது அதற்கப்புறம்தான்."

"கடல் ஓடையைவிட ஆழமா?" என்று கேட்டது, கடலையே பார்த்திராத சின்னது.