ஒரு காகம் போதும்

கிழக்கு மாகாணத்தின் துப்பாக்கிச் சுடுதல் வரலாற்றை எழுத வருகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்: ஸெய்னுதீன் துவக்கைத் தொடுவதற்கு முன், தொட்டதற்குப் பின். இப்படிச் சொன்னவர் ஸெய்னுதீன்தான்.

"எல்லாரும் பின்னுக்குப் போங்க. குறி வைக்கேக்க ஆரும் மூச்சு விடப்படாது!"

மனைவி றுக்கியா தேத்தண்ணியும் சீனி தூவிய பணிஸ் பன்களும் வைத்த தட்டோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் இடக்கண்ணை மூடினார், வயிற்றை உள்ளே இழுத்தார், விசையை அழுத்தினார். திரையின் நடுவே பறந்த காகம் கரைந்துகொண்டே போய்விட்டது. குண்டு மேல்மூலையில் ஒரு மேகத்தைத் துளைத்தது.

துவக்கு என்றதும் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டாம். அது கையசைவைப் புரிந்துகொள்ளும் பழைய விளையாட்டு ரிமோட். கணினி ஆசிரியையான மகள் நிப்லா, அதை ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டில் கறுப்பு டேப் சுற்றிப் பொருத்தி, வீட்டுக் கொம்பியூட்டரோடு இணைத்திருந்தாள்.

நீலக்கடல் விளையாட்டுக் கழகத்தில் இப்படி ஒரு சுடுதல் பிரிவு தொடங்கப் போகிறார்கள். நாலு பக்கமும் கடற்படை இருக்கிற ஊரில் வேறு எந்தத் துவக்கை வைத்துப் பழகுவது? பிரதம பயிற்றுநர் பதவிக்குக் கழகச் செயலாளர் முனாஸ் தேடி வந்த ஆள்தான், துறைமுக வாசலில் இருபத்தெட்டு வருடம் காவல் நின்று ஓய்வு பெற்ற ஸெய்னுதீன்.

"ஒரு காகம் விழுந்தாப் போதும் நானா," என்றார் முனாஸ். "சும்மா பேருக்குத்தான். இல்லாட்டி அந்த முனீப் மாஸ்டரைப் போடச் சொல்லி ஆக்கள் நிக்கிறாங்க."

"முனீபா? அவன் விசில் ஊதத்தான் சரி."

பெயர்ப்பலகைக்கு அவர் போன கிழமையே சொல்லிவிட்டார். 'பிரதம' என்ற சொல்லைச் சிவப்பில் எழுதவும் சொல்லியிருந்தார்.

தகுதிக்குச் சாட்சி வேண்டுமா? கொம்பியூட்டருக்குப் பின்னால், சோகேஸின் உச்சியில், வெள்ளி நிறத்தில் ஒரு கிண்ணம். துறைமுக ஊழியர் விளையாட்டு விழாவில் சுட்டு வென்றது. எழுத்துப் பொறித்த பக்கத்தை மட்டும் அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். தற்பெருமை அவருக்கு அறவே பிடிக்காது.

நின்று சுட்டார். கதிரையில் இருந்து சுட்டார். சாரத்தை மடித்துக் கட்டி முழங்காலில் நின்றும் சுட்டார். காகங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தன.

"இது எங்கட ஊர்க் காகமில்ல முனாஸ். வெளிநாட்டுக் காகம். பறப்பே வேற."

"களைச்சிட்டீங்க. ஒரு பணிஸ் சாப்பிடுங்க நானா."

"வேணாம், வேணாம்! சுடுற ஆக்களுக்குப் பணிஸ் ஆகாது."

றுக்கியா தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

நிப்லா ரிமோட்டை அவர் கையில் இருந்தபடியே திருப்பிப் பார்த்தாள். "காலையில நான் சுடேக்க எல்லாம் விழுந்திச்சே. இதுக்கு முன்னால ஒரு கண் இருக்கு வாப்பா. கொம்பியூட்டருக்கு மேல நான் வச்ச ரெண்டு சின்ன லைட்டைப் பார்த்துத்தான் அது குறியைக் கண்டுபிடிக்கும். வேற ஏதும் பளிச்செண்டு மின்னினா குழம்பிடும்."

அவள் பார்வை மேலே போனது. மேற்கு ஜன்னலால் வந்த பின்னேர வெயில் நேராகக் கிண்ணத்தில் பட்டுத் தெறித்தது.

"இந்தா இருக்கு. வாப்பாட கப்தான்!"

ஸெய்னுதீனின் முகம் மலர்ந்தது. "கேட்டியா முனாஸ்? எண்ட வெற்றிட வெளிச்சத்தை இந்த மிசினால தாங்க ஏலாமப் போச்சு!"

முனாஸ் உருகிவிட்டார். "சுபஹானல்லாஹ்! அப்ப அதை இறக்கி வச்சிட்டுச் சுடுவம் நானா," என்று கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார்.

மலர்ந்த முகம் பாதியில் நின்றது. "வேணாம், வேணாம், அது இருக்கட்டும்! றுக்கியா, ஜன்னல் சீலையை இழுத்து விடு!"

"சீலை எங்க இருக்கு? ஆக்கள் வாறாங்க, தோய்ச்சுப் போடு எண்டு நீங்கதானே சொன்னீங்க. கொடியில காயுது."

"அப்ப ஒரு துவாயால மூடு!"

"என்ன கதை நானா இது? இப்பிடியொரு சாமானைத் துவாயால மூடுறதா?" முனாஸ் அதற்குள் கிண்ணத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு இறங்கிவிட்டார். தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்தார். மரியாதையோடு மறுபக்கம் திருப்பினார். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"பணிஸ் உண்ணும் போட்டி," என்று வாசித்தார். "இரண்டாமிடம்."

பதற்றத்தில் ஸெய்னுதீனின் விரல் விசையை அழுத்திவிட்டது. திரையில் ஒரு காகம் செட்டையடித்துப் பொத்தென்று விழுந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

முனாஸ் தொண்டையைச் செருமினார். "இரண்டாமிடமும் ஒரு இடம்தானே நானா. எத்தின பேரோட போட்டி போட்டிருப்பீங்க!"

றுக்கியா பணிஸ் தட்டை மேசையில் வைத்தாள்.

"மொத்தமே ரெண்டு பேர்தான்."