இல்லாமல் போக முடியாதவர்

தர்க்கவியல் ஆசிரியருக்கு, கடவுள் உண்டு என்று காட்டும் அந்த நிரூபணத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. இல்லாமல் போகவே முடியாத ஒருவர் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டால் போதுமாம். அவர் இருந்தே தீருவாராம். அபத்தம் என்று தெரிகிறது, ஆனால் ஓட்டை எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

எரிச்சல் தாங்காமல், 'கடவுள்' என்றிருந்ததை அழித்துவிட்டு 'என் மைத்துனர்' என்று பலகையில் எழுதினார். அவர் மனைவிக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. இல்லாத ஆளையும் இந்த வாதம் நிரூபித்துவிட்டால் அதன் மானம் கப்பலேறிவிடும் அல்லவா? வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு வரிகூட அசையவில்லை. சாக்குக்கட்டியை வீசியெறிந்தார்.

"சாப்பிட வாங்க," என்று மனைவி கூப்பிட்டாள். "அண்ணன் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாரு?"

"எந்த அண்ணன்?"

"பலகை மேல இருக்கிற கோபத்தை அவர்கிட்ட காட்டாதீங்க."

சாப்பாட்டு மேஜையில், மனைவியின் அதே மூக்கோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆசிரியருக்கும் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார்.

"தப்பு எங்கன்னு கிடைச்சிடுச்சா மாப்ள?"

"இன்னும் இல்ல."

"மெதுவா தேடுங்க. அவசரமே இல்ல," என்றார் அவர். சொல்லிக்கொண்டே, மேஜையடியில் உருண்டு வந்து கிடந்த சாக்குக்கட்டியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.